அலுங்காமல் ஓட்டுகிறவள்

நான் வாந்தி எடுக்காமல் போய்ச் சேர்ந்த முதல் கார், அவள் ஓட்டியது.

என் வயிற்றை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். காட்டூரில் நான் வளர்ந்த நாட்களில், டவுன் பஸ்ஸில் ஏறிச் சத்திரம் பேருந்து நிலையம் வருவதற்குள் ஜன்னல் சீட்டுக்காரரை எழுப்பி இடம் மாற்றிக்கொண்டு இரண்டு முறையாவது தலையை வெளியே நீட்டுவேன். உறவுக்காரர்கள் என்னைக் காரில் ஏற்றும்போதே மடியில் ஒரு பிளாஸ்டிக் பையையும் வைத்துவிடுவார்கள். போதாக்குறைக்கு எனக்கு வாய்த்த வேலை மோட்டார் இன்சூரன்ஸ் ஆபீஸில், க்ளெய்ம் பிரிவில். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை நசுங்கிய பானெட்டும் நொறுங்கிய கண்ணாடியும்தான் பார்வைக்கு வரும். என் கண்ணுக்குக் கார் என்பது இன்னும் மோதாத ஒரு க்ளெய்ம், அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட என்னைத்தான் அவள் லைசென்ஸ் வாங்கிய புதிதில் ஸ்ரீரங்கத்திலிருந்து கே.கே. நகருக்கு அழைத்துப் போனாள். காவிரிப் பாலம், சிந்தாமணி, மெயின்கார்டு கேட் நெரிசல், ஜங்ஷன் மேம்பாலம் எல்லாம் வந்து போயின. நான் பையின் வாயைப் பிரித்து வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன்.

"வந்தாச்சு அக்கா. இறங்குங்க" என்றாள்.

"அதுக்குள்ளயா? மெதுவாத்தானே வந்தே?"

"மெதுவாவா? ஆட்டோவைவிட சீக்கிரமா வந்திருக்கோம். நீங்க வேணா கடிகாரத்தைப் பாருங்க."

பார்த்தேன். அவள் சொன்னது சரி. பை மடியில் காலியாக இருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு முதல்முறையாக இந்தப் பெண்ணைக் குறித்து லேசாகப் பயம் வந்தது.

அவள் பெயரைச் சொல்லப் போவதில்லை. என்றைக்காவது உங்கள் டிவியில் வருவாள், அப்போது நீங்களே தெரிந்துகொள்ளலாம். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு அடுத்த வீடு அவர்களுடையது. அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. அப்பா பெருமாளைத் தோளில் எழுந்தருளப் பண்ணுகிறவர். ஸ்ரீபாதம்தாங்கி என்று சொல்வார்கள். வீதிப் புறப்பாடு என்றால் அவர் தோளும் ஒரு தோள். வலது தோளில் கழுத்தோரம் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் காய்த்துக் கறுத்திருக்கும். மாமா என்று நான் கூப்பிடுவேன், அவள் அம்மாவை மாமி என்று. மாமா அதிகம் பேச மாட்டார். பேசினால் அந்தப் பேச்சு கொஞ்ச நாள் கூடவே வரும்.

ஊரே புறப்பாடு பார்க்க நிற்கும்போது பெருமாளின் முகத்தைத்தான் பார்க்கும். இவள் மட்டும் சின்ன வயதிலிருந்தே குனிந்து தாங்குகிறவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நடப்பாள். நானே பலமுறை, "பெருமாளைச் சேவிக்காம எங்கடி பாக்கறே?" என்று தலையைப் பிடித்து நிமிர்த்தியிருக்கிறேன். "இருங்கக்கா, முனை வருது" என்று கையைத் தட்டிவிடுவாள். முனை என்றால் வீதி திரும்பும் இடம். அங்கே வெளிப்பக்கத்தில் இருக்கிறவர்கள் எட்டிப்போட்டு நடக்க வேண்டும், உள்பக்கத்தில் இருக்கிறவர்கள் அடியைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். பின்னால் தாங்குகிறவர்களுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. தோளில் வந்து அழுத்தும் பல்லக்குத் தண்டுதான் சொல்லும். மேலே இருக்கிறவருக்குத் திரும்பியதே தெரியக் கூடாது. பெருமாள் அலுங்கக் கூடாது. அவர்கள் வீட்டில் அது ஒன்றுதான் சட்டம்.

அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது யாரோ ஒரு உறவுக்காரப் பையனின் பிறந்தநாளுக்கு, பைபாஸ் பக்கம் இருந்த கோ-கார்ட் மைதானத்துக்கு எங்கள் தெருக் குழந்தைகள் எல்லாரையும் அழைத்துப்போனார்கள். காவலுக்கு நான். கல்யாணம் ஆகாத, குழந்தை குட்டி இல்லாத, சனி ஞாயிறு லீவுள்ள ஒருத்திக்கு வேறு வேலை இருக்காது என்று தெருவே சேர்ந்து முடிவு செய்திருந்தது. பிள்ளைகள் கார்ட்டுகளில் ஏறி முட்டி மோதிக் கத்திக் களேபரம் செய்தார்கள். டயர்கள் கிறீச்சிட்டன. இவள் வண்டி மட்டும் சத்தமே போடாமல் சுற்றி வந்தது. மைதானத்து ஆள் என்னிடம் வந்து, "பாப்பா பயப்படுது போல. இன்னும் கொஞ்சம் அழுத்தச் சொல்லுங்க மேடம்" என்றார். சொல்லிவிட்டு நேரம் காட்டும் பலகையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கடைசிவரை பலகையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வரும் வழியில் கேட்டேன், "எல்லாரும் சத்தமா ஓட்டினாங்களே, நீ ஏன் அப்படி ஓட்டல?"

"டயர் கத்தினா அது நழுவறதுன்னு அர்த்தம் அக்கா. நழுவினா வேகம் வீணாப் போறது இல்லையா?"

எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. யாரும் சொல்லித் தரவும் இல்லை. ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டே சொன்னாள்.

அந்த மைதானத்து ஆள்தான் பிறகு வீட்டுக்கே தேடி வந்து, கோயமுத்தூரில் இருந்த ஒரு ரேஸ் டீமிடம் அவளைச் சேர்த்துவிட்டார். முதலில் கார்ட் பந்தயங்கள். அதில் மாநிலம், தேசம் என்று ஜெயித்ததும் ஒற்றை இருக்கை வண்டிகள். கூரை இல்லாமல், நான்கு சக்கரமும் வெளியே நீட்டிக்கொண்டு, ஒருவர் மட்டும் படுத்தாற்போல் உட்கார்ந்து ஓட்டும் வண்டி. அதில் ஆரம்ப நிலை ஒன்று, அதற்கு மேல் ஃபார்முலா ஃபோர், அதற்கும் மேலே வெளிநாடுகளில் இன்னும் படிகள். செலவுக்கு எங்கள் காட்டூர்க்காரரான ஒரு பட்டறை முதலாளி கை கொடுத்தார், தன் பழைய காரையும் கொடுத்தார். பெண் குழந்தையைத் தனியாக அனுப்ப முடியாது. அம்மாவுக்குப் பள்ளிக்கூடம், அப்பாவுக்குப் பெருமாள். அதனால் ஊர் ஊராகக் கூடப் போகும் வேலையும் என் தலையில் விழுந்தது. பத்தடி தூரம் வண்டியில் போனால் வயிறு புரளுகிறவள் ரேஸ் மைதானங்களில் குடையும் பிளாஸ்கும் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன்.

மாமா ஒருமுறைகூட வந்ததில்லை. தடுக்கவும் இல்லை. ஒருநாள் கோலம் போட்டுக்கொண்டிருந்த என்னிடம் அவராகவே நின்று சொன்னார். "வேகமாப் போறதுல என்ன பெருமை இருக்குன்னு எனக்குப் புரியலை. கல்லை விட்டெறிஞ்சா அதுவும் வேகமாத்தான் போறது."

"அவ ஓட்டறதை ஒரு தடவை வந்து பாருங்க மாமா."

"பெருமாளை விட்டுட்டா?" என்று கேட்டுவிட்டு நடந்துவிட்டார்.

ஃபார்முலா ஃபோருக்குப் போன முதல் வருஷம் டீம் என்ஜினியர் இவளிடம் பட்டபாடு எனக்குத் தெரியும். நல்ல பையன், லேப்டாப்பை மடியிலிருந்து இறக்காதவன். வண்டி எப்படி இருக்கிறது என்று அவன் கேட்பான். இவள் சொல்வாள், "முன்னாடி இடதுபக்க மாமா சோம்பேறித்தனம் பண்றார். பின்னாடி வலதுபக்க மாமா முனையிலே தோள் மாத்தறார்."

அவன் என்னைப் பார்த்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான்கு சக்கரங்களை நான்கு தாங்கிகளாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள் என்பதை நான்தான் அவனுக்கு விளக்கினேன். முதலில் தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் லேப்டாப்பில் வருகிற கோடுகளை வைத்துப் பார்த்தால் மாமாக்களைக் குறித்து அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. சில மாதங்களில் மெக்கானிக்குகள் எல்லாருமே, "பின் வலது மாமாவுக்குக் காத்துக் கம்மி பண்ணு" என்று பேச ஆரம்பித்தார்கள். ஸ்பேனரோடு படுத்திருக்கும் ஒரு பஞ்சாபிப் பையன்கூட மாமா என்றான்.

என் ஆபீஸுக்கு வருகிற எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். திடீரென்று குறுக்கே வந்துவிட்டான். நாய் வந்தது, ஆடு வந்தது, லாரி வந்தது, சுவரே வந்தது. இவள் வாயில் அந்த வாக்கியத்தை நான் கேட்டதே இல்லை. ஒருமுறை கோயமுத்தூரில் பின்னால் வந்த பையன் இவள் சக்கரத்தின் மேல் ஏறி, வண்டி சுழன்று போய் டயர்ச் சுவரில் மோதி நின்றது. நான் செருப்பில்லாமல் ஓடினேன். அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தாள். "அவன் அங்கே வருவான்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும் அக்கா" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "க்ளெய்ம் ஃபாரம் கொண்டுவந்திருக்கேளா?" என்று கேட்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நன்றாகத் திட்டினேன்.

அந்த விபத்துக்குப் பிறகுதான் வீட்டில் பேச்சு வந்தது. மாமா கோபப்படவில்லை. அப்போது அவள் பன்னிரண்டாவது முடித்து ஒரு வருஷமாகக் காலேஜில் சேராமல் இருந்தாள். "இந்த வருஷப் பந்தயங்கள் முடியட்டும். மேலே போக வழி இருந்தா போகட்டும். இல்லேன்னா காலேஜ்லே சேரட்டும், ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது" என்றார். அவள் சரி என்றாள். அவர்கள் வீட்டில் சரி என்றால் சரிதான்.

அந்த வருஷத்தின் கடைசிப் பந்தயம் சென்னைக்கு வெளியே இருக்கிற மைதானத்தில். மேல்நிலை அணி ஒன்றுக்காக வெளிநாட்டிலிருந்து ஒருவர் ஆள் தேர்ந்தெடுக்க வந்திருந்தார். ஒரே ஒருவரைத்தான் எடுப்பார். வெள்ளைத் தொப்பி, கையில் தண்ணீர் பாட்டில், யாரிடமும் பேசாமல் நடந்துகொண்டிருந்தார். சனிக்கிழமை நேரத் தேர்வு. யார் மிகக் குறைந்த நேரத்தில் சுற்றுகிறார்களோ அவர்கள் ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் முதலில் நிற்பார்கள். அன்றைக்கு அடித்த வெயிலில் தார் இளகிற்று. அவள் சத்தமில்லாமல் போய், சத்தமில்லாமல் வந்தாள். முதலிடம். டீம் மேனேஜர் துள்ளிக் குதித்தார். வெள்ளைத் தொப்பிக்காரர் முதல்முறையாக எங்கள் கொட்டகைப் பக்கம் வந்து நின்றார்.

பிறகு எடை போட்டார்கள்.

அதில் ஒரு விதி உண்டு. வண்டியும் ஓட்டுகிறவரும் சேர்ந்து குறைந்தபட்சம் இவ்வளவு எடை இருக்க வேண்டும். குறைந்தால் அது அநியாய லாபம் என்று கணக்கு. ஒல்லியானவர்கள் வண்டியில் ஈயத் தகடு வைத்துத் திருகி எடையைச் சரிக்கட்டுவார்கள். கூடுதல் எடை வேகத்தைத் தின்னும் என்பதால் எங்கள் என்ஜினியர் இம்மி பிசகாமல்தான் தகடு வைத்திருந்தான். ஆனால் எடை குறைந்தது. ஒரு கிலோகூட இல்லை, அதற்கும் கீழே. விதி என்றால் விதி. அவள் நேரத்தை அழித்துவிட்டார்கள். முதலில் நிற்க வேண்டியவள் ஆகக் கடைசியில் நிற்க வேண்டும்.

தகடுகளை எண்ணினார்கள், தராசைச் சோதித்தார்கள். எதிலும் பிழை இல்லை. என்ஜினியர்தான் கடைசியில் அவளைப் பார்த்துக் கேட்டான், "காலையில என்ன சாப்பிட்ட?"

"ஒண்ணும் இல்லை. இன்னிக்கு ஏகாதசி."

"தண்ணி?"

"தீர்த்தம்கூடக் கிடையாது."

அந்த வெயிலில், அந்தக் கனத்த உடுப்புக்குள், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஓட்டியிருக்கிறாள். பந்தய நாளும் ஏகாதசியும் ஒன்றாக வந்தது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை. மேனேஜர் தொப்பியைக் கழற்றி எறிந்தார். "ஒரு வருஷத்தையே தூக்கிக் குடுத்துட்டியேம்மா! ஒரு வாய் தண்ணி குடிச்சிருந்தா போதுமே!" என்று கத்திவிட்டு வெளியே போய்விட்டார்.

நான் அவளைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன். "ஏன்டி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எங்காத்துல யாரும் சொல்லிக்க மாட்டாளே அக்கா. ஏகாதசின்னா அடுப்பு எரியாது. அவ்வளவுதான். அதைப் போய் ஒருத்தர்கிட்ட என்ன சொல்றது?" என்றவள் கொஞ்சம் யோசித்தாள். "தப்பு என்னோடதுதான். இன்னொரு தகடு வைக்கச் சொல்லியிருக்கணும்."

சாப்பிட்டிருக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்கு அப்போது ஓங்கி அறையலாம் போலிருந்தது. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை அவளுக்கு. வண்டி இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை மட்டும் மடியில் கிடந்த கையுறையை விரல் விரலாக நீவிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு ஃபோன் செய்தேன். மாமி அழுதார். ஃபோன் மாமா கைக்குப் போனது. நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நாளைக்குப் பாரணைக்கு என்ன பண்ணுவா?" மறுநாள் துவாதசி, விரதத்தை அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் வைத்து முடிக்க வேண்டும். பெண்ணின் எதிர்காலமே போய்க்கொண்டிருக்கிறது, இவருக்குக் கீரைக் கவலை! எனக்கு வந்த ஆத்திரத்தில் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

விடிந்து நாங்கள் லாட்ஜ் வாசலுக்கு வந்தபோது அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் திருமண், தோளில் மஞ்சள் பை, பைக்குள் அகத்திக்கீரை. பஸ் ஏறி வந்திருக்கிறார். அன்றைக்கு அவருடைய முறை. அதை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறார். எனக்குத் தெரிந்து அவர் அப்படிச் செய்ததே இல்லை.

அவள் அப்பாவைச் சேவித்தாள். அவர் நேற்றைய விஷயத்தை எடுக்கவில்லை. "முதல்ல பாரணை பண்ணு" என்றார். லாட்ஜ் சமையல்காரரிடம் ஒரு அடுப்பைக் கேட்டு வாங்கி அவரே கீரையை வதக்கினார். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பாட்டில் தண்ணீரும் குடிக்க வைத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கீரைக்காக மட்டும் வந்தவர் இல்லை இவர்.

பந்தயம் வெயில் ஏறுவதற்கு முன்பே தொடங்கியது. அவள் ஆகக் கடைசியில் நின்றாள். நானும் மாமாவும் கம்பி வேலி ஓரமாக, நீண்டு வளைகிற ஒரு திருப்பத்தின் எதிரில் நின்றோம். வண்டிகள் கிளம்பிய சத்தத்தில் அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"இதுல எது அவ?"

"சத்தம் போடாம வர்றது மாமா."

முதல் சுற்றில் எல்லா வண்டிகளும் கூட்டமாக வந்து அந்தத் திருப்பத்தில் கிறீச்சிட்டன. புகை வந்தது. ஒருவன் புல்லில் இறங்கி ஏறினான். ஆகக் கடைசியில் ஒரு வண்டி வந்தது, வளைந்தது, போய்விட்டது. மாமா காதிலிருந்து கையை எடுத்தார்.

அடுத்த சுற்றுகளில் முன்னால் இருந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் மல்லுக்கு நின்றார்கள். அவள் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. "அழுத்துடி, அழுத்து" என்று வேலியைப் பிடித்துக் குலுக்கினேன். மாமா என்னைத் திரும்பிப் பார்த்து, "அவ தலையைப் பாருங்கோ" என்றார்.

பார்த்தேன். மற்றவர்களின் ஹெல்மெட்டுகள் திருப்பத்தில் இடமும் வலமுமாக ஆடின. அவளுடையது நின்ற இடத்தில் நின்றது. வண்டி அந்த வேகத்தில் வளைகிறது, மேலே தலை மட்டும் கோயிலில் பெருமாள் இருப்பது போல அப்படியே வருகிறது.

பாதிப் பந்தயத்துக்கு மேல் மற்றவர்களின் டயர்கள் தேய்ந்து வழுக்க ஆரம்பித்தன. கத்திக் கத்தி ஓட்டியதற்குப் பலன். அவள் டயர்கள் அப்போதும் புதிதாகவே இருந்திருக்க வேண்டும். ஒருவரைத் தாண்டினாள், இன்னொருவரைத் தாண்டினாள். தாண்டுவது என்றால் முண்டியடிப்பது இல்லை. அவர்கள் வழுக்கி அகலமாகப் போன இடத்தில் இவள் உள்பக்கமாக வந்திருப்பாள். அடுத்த சுற்றில் இன்னும் ஒருவர் குறைவார். ஒலிபெருக்கியில் பேசுகிறவர் அவள் பெயரைச் சொல்லத் தொடங்கினார். பிறகு வேறு பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டார்.

அப்போதுதான் மாமாவைக் கவனித்தேன். அவள் வண்டி திருப்பத்துக்கு வரும்போதெல்லாம் அவருடைய வலது தோள் லேசாக இறங்கிற்று. எடை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறிற்று. வண்டி நேரானதும் தோளும் நேரானது. அவருக்கு அது தெரியவே தெரியாது. வெறும் தோளில் தண்டு இருப்பது போல அவர் அந்தப் பந்தயம் முழுவதையும் மகளோடு நடந்துகொண்டிருந்தார். நான் வேலியை விட்டுவிட்டு ஒழுங்காக நின்றேன்.

அவள் மூன்றாவதாக வந்தாள். இன்னும் ஒரு சுற்று இருந்திருந்தால் இரண்டாவதாக வந்திருப்பாள் என்று மேனேஜர் சொன்னார். தொப்பி திரும்பவும் அவர் தலைக்கு வந்திருந்தது.

ஆனால் இன்னும் எடை போட வேண்டும். அவளை உட்கார வைத்தபடியே நான்கு மெக்கானிக்குகள் வண்டியைத் தராசுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆளுக்கொரு மூலை. மாமா அதைப் பார்த்ததும் யோசிக்காமல் போய்ப் பின்பக்கம் வலது மூலையில் கை வைத்தார். அதிகாரி ஓடி வந்தார். "சார், சார், வெளியாட்கள் வண்டியைத் தொடக் கூடாதுங்க."

மாமா கையை எடுத்தார். இரண்டடி விலகி வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்தார். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். பார்வை முழுக்கத் தள்ளுகிறவர்களின் கால்களில் இருந்தது. தராசு மேடை வந்தபோது, "முனை, முனை, பார்த்து" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

எண் விழுவதற்கு நேரம் பிடித்தது. என்ஜினியர் கண்ணை மூடிக்கொண்டான். அதிகாரி குனிந்து பார்த்து, இன்னொரு தடவை பார்த்து, கட்டை விரலைக் காட்டினார். தகடும் இருந்தது, கீரையும் இருந்தது. மேனேஜர் மாமாவைக் கட்டிக்கொண்டார். பாவம், மாமா அப்படி யாரும் கட்டிக்கொண்டு பழக்கமில்லாதவர், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

வெள்ளைத் தொப்பிக்காரர் அவள் வண்டியின் டயரைக் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு முதலாவதாக வந்த பையனின் டயரைப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து மேனேஜரைத் தனியாக அழைத்துப் பேசினார். ஜெயித்தவனை விட்டுவிட்டு இவளைத்தான் எடுத்தார்கள்.

இப்போது அவள் பனி பெய்கிற ஒரு ஊரில் இருக்கிறாள். எங்கள் ஊர் வாயில் நுழையாத பெயர். அடுத்த படியில் ஓட்டுகிறாள், அதற்கும் அடுத்த படிக்கு அவள் பேர் அடிபடுகிறது. எப்போதாவது என் ஃபோனுக்குச் செய்தி வரும். போன மாதம் வந்தது: "அக்கா, இன்னிக்கு ஏகாதசி. தகடு வெச்சாச்சு." அதை ஆபீஸில் எல்லாருக்கும் காட்டினேன். யாருக்கும் புரியவில்லை.

எனக்கு அவளை நினைத்தால் பந்தயம் ஞாபகம் வருவதில்லை. அன்றைக்கு ஊர் திரும்பியதுதான் ஞாபகம் வரும். தயிர்சாதம் சாப்பிட்டுக் கொட்டகை நிழலில் ஒரு தூக்கம் போட்டு எழுந்து, வழக்கம்போல அவளே ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிட்டாள். யாருக்கும் தர மாட்டாள். மாமா முன் சீட்டில், நான் பின்னால். மாமா முதலில் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். விழுப்புரம் தாண்டியபோது பிடி தளர்ந்தது. பெரம்பலூரில் பார்த்தால் தூங்கிப் போயிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. வெயிலும் லாரிகளும் ஹாரன் சத்தமும் ஜன்னலுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தன. உள்ளே அந்த மனிதரின் தலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாயவில்லை. பட்டை மாதிரி காய்த்த அந்தத் தோளின் மேல் அப்படியே இருந்தது. ஸ்பீடு காட்டும் முள்ளை எட்டிப் பார்த்தேன். அதைச் சொல்ல மாட்டேன், நான் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறவள்.

கொள்ளிடம் பாலம் ஏறும்போது விழித்துக்கொண்டார். கோபுரத்தில் விளக்குப் போட்டிருந்தார்கள். கைகூப்பினார்.

"ஊர் வந்துடுத்தா?"

"வந்துடுத்துப்பா."

கூப்பிய கையை இறக்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார். மகளிடம் நேரே சொல்ல வெட்கமாக இருந்திருக்க வேண்டும்.

"மேலே இருக்கிற பெருமாளுக்கு எப்படி இருக்கும்னு ஒரு நாளாவது தெரிஞ்சுக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. கீழேயே நின்னவனுக்கு எங்கே தெரியப்போறது?" என்றார். "இன்னிக்குத் தெரிஞ்சுண்டேன்."

அவள் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக் கூட ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. உத்திர வீதி முனை வந்தது. திரும்பியதே எங்களுக்குத் தெரியவில்லை.